கத்துக்குட்டி மேடு

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருக்காது, முட்டி ஞாபகம் இருக்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் கீழே பார்ப்பார். பேண்ட்டுக்குள் இருக்கும் முட்டியை எப்படித்தான் பார்ப்பாரோ, "இடது கால், ஜவ்வு, ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தீங்க, சரிதானே?" என்பார். அந்த மனிதர் பூரித்துப்போய் நிற்பார். அவர் பெயர் என்ன என்று மட்டும் இவருக்குத் தெரியாது. என் விலாவில் இடிப்பார், நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இவர் எலும்பு மருத்துவர். அப்படிப் பொதுவாகச் சொன்னாலும் முகம் சுருங்கிவிடும். முட்டி மருத்துவர் என்று சொல்ல வேண்டும். நான் மயக்க மருந்து கொடுப்பவள். இரண்டு பேருக்கும் ஒரே மருத்துவமனை, ஒரே ஆபரேஷன் தியேட்டர். எங்கள் தாம்பத்தியத்தில் பாதி, ஒரு பச்சைத் துணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றே கழிந்திருக்கிறது. இவர் நோயாளியின் கால்மாட்டில், நான் தலைமாட்டில். வீட்டில் பேச நேரம் கிடைக்காததையெல்லாம் அந்தத் துணிக்கு மேலாகப் பேசித் தீர்த்துக்கொள்வோம். வாஷிங் மெஷின் வாங்குவதா வேண்டாமா என்று ஒருமுறை சண்டை முற்றியபோது, முதுகில் ஊசி போட்டு விழித்தபடி படுத்திருந்த பெரியவர் ஒருவர் பொறுக்க முடியாமல், "அம்மா சொல்றதுதான் நியாயம், வாங்கிக் குடுத்துடுங்க டாக்டர்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். மெஷின் வந்தது. அந்தப் பெரியவரின் முட்டியும் நன்றாக இருக்கிறது.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு மேட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முட்டிக்கு உள்ளே, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சாய்வாக இழுத்துக் கட்டியிருக்கும் ஜவ்வு ஒன்று உண்டு. ஓடுகிறவன் சட்டென்று திரும்பும்போது கால் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அது அறுந்தால் தானாக ஒட்டாது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாரை எடுத்து, மடித்துத் தைத்து, கயிறாக்கி, இரண்டு எலும்பிலும் துளை போட்டு உள்ளே இழுத்துக் கட்ட வேண்டும். கயிறு கிடைப்பது பெரிய விஷயம் இல்லை. தொடை எலும்பில் துளையை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த எலும்பின் உட்சுவரில் மெல்லிய வரப்பு மாதிரி ஒரு மேடு ஓடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கேமராவை உள்ளே விட்டதும் அதைப் பார்த்து, சுவர் இத்தோடு முடிந்தது என்று நினைத்து, அதற்கு மேலேயே துளையைப் போட்டுவிடுவார்கள். சரியான இடமோ அந்த மேட்டைத் தாண்டி, கீழே, உள்ளே தள்ளி இருக்கும். பாடப்புத்தகத்திலேயே அதற்குப் பயிற்சி மருத்துவர்களின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இவர் வாயில் அது 'கத்துக்குட்டி மேடு' ஆகிவிட்டது.

தியேட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் காரைக் கொஞ்சம் கோணலாக நிறுத்தினால், "மேட்டுக்கு மேல போட்டுட்டியா?" குழம்பில் உப்பு கூடினால், "உப்பு மேட்டுக்கு மேல." தியேட்டர் சிஸ்டர் பிளாஸ்திரியை ஒட்டினால் கூட ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "மேட்டுக்கு மேல, சிஸ்டர்" என்பார். இப்படிப் பேசுகிற மனிதர் எங்கள் கூடத்தில் ஒரு படம் மாட்ட ஆணி அடித்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். சுவரில் இப்போதும் நான்கைந்து ஓட்டை இருக்கிறது. படம் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

இனி என் தம்பி. வீட்டில் அவனுக்குப் பெயர் விசில். பகலில் பெயிண்ட் கடை நடத்துவான், மாலையில் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். விசில் அவன் கழுத்தில் தொங்கும்போது அவனிடம் யாரும் பேச முடியாது. எனக்கே ஒருமுறை, மைதானத்துக் கோட்டைத் தாண்டித் தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போனதற்கு விசில் ஊதியிருக்கிறான்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், விளையாடும்போது அவனுக்கு இடது முட்டியில் ஜவ்வு அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தவர் இவர்தான். இவருடைய ஆரம்ப கால முட்டிகளில் அதுவும் ஒன்று. மாமனார் வீட்டு முட்டி என்பதால் விழுந்து விழுந்து கவனித்தார். தம்பி எழுந்தான், நடந்தான், ஓடினான். நேராக ஓடும்வரை ஒரு குறையும் இல்லை. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பினால் மட்டும் முட்டி கழன்றுபோவது போல ஒரு நழுவல். ஒரு பெரிய ஆட்டத்தின் நடுவில், பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் விழுந்தான். அதற்குப் பிறகு நடு மைதானத்தை விட்டுவிட்டு, கோட்டோரமாகக் கொடி பிடித்து நேராக ஓடும் வேலைக்குப் போய்விட்டான். கழுத்திலிருந்த விசில் கடை மேசையின் இழுப்பறைக்குப் போனது. நடுவர்களுக்கு வயது வரம்பு உண்டு. இன்னும் சில வருஷம்தான் அவனுக்கு மைதானம். அதற்குள் ஒரு தடவையாவது அந்த விசிலைத் திரும்ப ஊத வேண்டும் என்பது அவன் ஆசை. வெளியே சொல்லமாட்டான், ஆனால் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் இரண்டு பேருக்கும் இதே வேலைதான். இவர் அவனைச் சோபாவில் படுக்க வைத்து, கீழ்க்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்ப்பார். அசையாது.

"பாரு மாப்ள, கல்லு மாதிரி இருக்கு. ஸ்கேன்லயும் பாத்தாச்சு. ஜவ்வு முழுசா, கொழுகொழுன்னு இருக்கு."

"இழுத்தா நல்லாத்தான் மாமா இருக்கு. திரும்பறப்பதான் நழுவுது."

அடுத்து காலைத் திருப்பிச் சோதிப்பார். மாமா கை பட்டதுமே தம்பியின் தொடை விறைத்துக்கொள்ளும். அப்படி விறைத்தால் எந்த முட்டியும் நழுவாது. இவருக்கு அது போதும்.

"நழுவுறது முட்டி இல்ல மாப்ள. மனசு. ஒரு தடவ விழுந்துட்ட இல்ல, அந்த பயம்."

தம்பி எழுந்து சாப்பிடப் போய்விடுவான். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். "முழிச்சிட்டு இருக்குற கால் பொய் சொல்லும்னு உங்களுக்குத் தெரியாதா? தூங்க வச்சு ஒரு தடவ பாருங்க" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "உனக்கு யாரப் பாத்தாலும் தூங்க வைக்கணும்" என்று சிரித்தே மழுப்பிவிடுவார். நல்ல மனிதர்தான். தன்னுடைய துளைகளைப் பற்றி யாராவது பேசினால் மட்டும் காது கேட்காது.

அந்த நிலையில்தான் ஒருநாள் தம்பி கடையில் குனிந்து பெயிண்ட் டப்பாவைத் தூக்கி நிமிர்ந்தபோது முட்டி பூட்டிக்கொண்டது. கால் நீட்ட வரவில்லை. முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்து, கிழிந்த துண்டு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. சின்ன வேலை, உள்ளே போய் வெட்டி எடுத்துவிடலாம் என்றார் இவர். தம்பி ஒத்துக்கொண்டான், ஆனால் ஏகப்பட்ட நிபந்தனை.

"முதுகுல ஊசி அக்காதான் போடணும்."

"சொந்தக்காரங்களுக்கு நாங்க போடறதில்லடா," என்றேன்.

"சின்ன வயசுல இருந்து நீதான என்னைக் குத்திட்டு இருக்க. இப்ப என்ன புதுசா? அப்புறம், டிவி என் பக்கம் திரும்பி இருக்கணும். உள்ள என்ன நடக்குதுன்னு நான் பாக்கணும். எது தப்பா இருந்தாலும் அன்னைக்கே சரி பண்ணிடணும் மாமா."

"தப்பு இருந்தாதான பண்றதுக்கு?" என்று இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அன்று தியேட்டரில் மெனிஸ்கஸ் சாமான்களோடு ஜவ்வு கட்டும் சாமான்களும் தயாராக இருந்தன. நான்தான் சிஸ்டரிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொன்னேன். இவர் ட்ரில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எதுக்கு டாக்டரம்மா?"

"மேசையில இடம் காலியா இருந்துது. சும்மா இருக்கட்டுமேன்னு."

ஊசி போட்டேன். சற்று நேரத்தில் தம்பியின் இரண்டு காலும் உணர்ச்சியில்லாமல் தளர்ந்துபோயின; பூட்டிக்கொண்டிருந்த முட்டியும் நெகிழ்ந்து நீண்டது. மருந்துக்கு மாமா என்றும் மச்சான் என்றும் தெரியாது; விறைத்துக்கொள்ள அந்தத் தொடையால் முடியவில்லை. கழுவித் துணி போடுவதற்கு முன் காலைச் சோதித்துப் பார்ப்பது இவர் வழக்கம். முன்னால் இழுத்தார். அசையவில்லை. 'பார்த்தாயா' என்று முகக்கவசத்துக்கு மேலே புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு பாதத்தைப் பிடித்து உள்பக்கம் திருப்பி, முட்டியை வெளிப்பக்கத்திலிருந்து தள்ளியபடியே மெல்ல மடக்கினார்.

டொக்.

இவர் நின்றார். காலை நீட்டி மறுபடியும் மடக்கினார்.

டொக்.

சிஸ்டர் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தம்பிக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் காது நன்றாக வேலை செய்தது.

"அக்கா, என்ன சத்தம் அது?"

"உன் முட்டிடா."

"மாமா அது மனசுன்னாரே. மனசு இப்படியா சத்தம் போடும்?"

யாரும் சிரிக்கவில்லை. இவர் கை கழுவப் போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார்.

கேமரா உள்ளே போனது. கிழிந்த துண்டை வெட்டி எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. அத்தோடு முடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். இவர் கேமராவை நடுப்பக்கமாகத் திருப்பினார். அவர் அந்தக் காலத்தில் கட்டிய ஜவ்வு திரையில் வந்தது. அறுபடவில்லை, நையவில்லை, வெள்ளை வெளேரென்று பருமனாக இருந்தது. சின்னக் கொக்கியால் இழுத்துப் பார்த்தார். விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் சாய்வாகப் போக வேண்டியது, கம்பம் நட்டது போல நேராக நின்றது. அதன் மேல்முனை எங்கே போகிறது என்று இவர் மெல்ல மெல்லச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டே போனார். எலும்பின் சுவர் தெரிந்தது. சுவரில் அந்த மேடு தெரிந்தது.

ஜவ்வு அந்த மேட்டுக்கு மேலே இருந்தது.

தியேட்டரில் இருந்த எல்லோருக்கும் அந்த மேடு தெரியும். இவர் வாயால் அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாங்கள். ஆனால் இவர் ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கலாம். 'ஜவ்வு கொஞ்சம் தளர்ந்திருக்கு மாப்ள, மாத்திடறேன்' என்றால் முடிந்தது. பழைய ஜவ்வு தளர்வது உலகத்தில் இல்லாததா? தம்பியும் நம்பியிருப்பான். சிஸ்டரும் நானும் வாயைத் திறந்திருக்கமாட்டோம். இவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்ள, ஜவ்வு வந்து..." என்று ஆரம்பித்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. தம்பிக்காகவா இவருக்காகவா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அதற்குள் தம்பி திரையைப் பார்த்துக் குஷியாகிவிட்டான்.

"மாமா, அந்த வரப்பு மாதிரி இருக்கே, அதுதானா கத்துக்குட்டி மேடு? இத்தன வருஷமா சாப்பாட்டு மேசையில கேட்டுட்டு இருக்கேன், இன்னைக்குதான் நேர்ல பாக்கறேன்."

"ஆமா."

"என் ஜவ்வு எங்க இருக்கு?"

இவர் கொக்கியை வெளியே எடுத்தார். பச்சைத் துணியைத் தாண்டி, தம்பியின் முகம் தெரியும்படி எட்டி நின்றார். முட்டியைப் பார்த்து மட்டுமே பேசத் தெரிந்த மனிதர், அன்றைக்கு முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மேட்டுக்கு மேல," என்றார். "மேட்டுக்கு மேல போட்டுட்டேன் மாப்ள. ஜவ்வு மேல தப்பில்ல. உன் மனசு மேலயும் தப்பில்ல. என் கைதான்."

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மானிட்டரில் அவன் இதயத் துடிப்பு ஏறுவது எனக்கு மட்டும் தெரிந்தது.

"நீங்க பயம் பயம்னு சொல்லிச் சொல்லி, கடைசியில நானும் நம்பிட்டேன் மாமா. நான்தான் பயந்தாங்கொள்ளின்னு."

"தெரியும்டா," என்றார் இவர். "வேற யாரையாவது வச்சுப் பண்ணச் சொல்லட்டுமா? பக்கத்துத் தியேட்டர்ல ஆள் இருக்கு. நீ சொல்றதுதான்."

துடிப்பு கொஞ்சம் இறங்கியது. தம்பி கையைத் தூக்க முயன்றான். ஒரு கையில் சலைன், இன்னொரு கையில் பிரஷர் பட்டை. "கை ஃப்ரீயா இருந்தா உங்களுக்கு மஞ்சள் அட்டை காட்டியிருப்பேன்," என்றான். "வெளியெல்லாம் அனுப்பல. ஒழுங்கா ஆடுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகக்கவசம் மூக்கு வரைக்கும்தான் மறைக்கும், கண்ணை மறைக்காது. அதனால் திரும்பி நின்று சலைன் பாட்டிலைச் சரிசெய்வது போல நடித்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அதன்பிறகு நடந்த வேலையைப் போல ஓர் ஆமை வேகத்தை நான் அந்தத் தியேட்டரில் பார்த்ததில்லை. தொடைத் தசைநாரை முதல் தடவையே எடுத்தாகிவிட்டதால், இந்த முறை முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள பட்டையின் நடுப்பகுதியை, இரண்டு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு எடுத்தார். முன்பெல்லாம் கீழ் எலும்பில் போட்ட துளை வழியாகவே மேல் எலும்பையும் துளைப்பார்கள். அந்த வழியில் போனால் துளைக்கும் கம்பி மேட்டுக்கு மேலேதான் போய் முட்டும். இப்போது பக்கத்தில் தனியாக ஒரு சின்ன வாசல் வைத்து, முட்டியை நன்றாக மடக்கிக்கொண்டு போனால்தான் மேட்டுக்குக் கீழே எட்டும். இவர் மடக்கினார், குறி வைத்தார், கேமராவை மாற்றிப் பார்த்தார், குறியை அழித்தார், மறுபடியும் வைத்தார். அளவுகோலை வாங்கினார், கொடுத்தார், திரும்ப வாங்கினார்.

"என் மருந்து தீர்ந்து, இவன் எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிடுவான். துளையைப் போடுங்க," என்றேன்.

"மேட்டுக்குக் கீழதான இருக்கு? நீங்க எல்லாரும் பாருங்க," என்றார். பார்த்தோம். தம்பியும் கழுத்தைத் தூக்கிப் பார்த்து, "கோல்," என்றான். அப்புறம்தான் ட்ரில் ஓடியது.

புது ஜவ்வை இழுத்து, சரியான சாய்வில் நிறுத்தி, திருகு போட்டு இறுக்கிய பிறகு, காலைத் திருப்பி மடக்கினார். சத்தம் இல்லை. மறுபடி மடக்கினார். இல்லை. இன்னொரு முறை.

"போதும், விடுங்க. கால் கையோட வந்துடப் போவுது," என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்குப் பாவமாகிவிட்டது. "அந்தக் காலத்துல எல்லாரும் அங்கதான போட்டாங்க? நீங்க மட்டுமா?" என்றேன். உண்மையும் அதுதான்.

"துளையை எல்லாரும் அங்கதான் போட்டாங்க," என்றார். "எல்லாருமா அவன்கிட்ட மனசுன்னு சொன்னாங்க?"

நான் ரசத்தை அவர் தட்டுப் பக்கம் நகர்த்தினேன்.

மாதங்கள் ஓடின. பயிற்சி, தைலம், சைக்கிள், படிக்கட்டு என்று தம்பி படாத பாடு பட்டான். இவர் அவனைவிட அதிகம் பட்டார். பெயிண்ட் கடைக்கே போய், வாடிக்கையாளர்களை ஓரம் தள்ளிவிட்டு முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். ஓட்டச் சோதனையில் தம்பி தேறினான். இழுப்பறையிலிருந்து விசில் வெளியே வந்தது. அவன் மறுபடியும் நடுவராக நிற்கும் முதல் ஆட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போய்க் கோட்டோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

இவர் பந்தைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க இடது முட்டியில்தான். ஆட்டம் பாதிக்கு வந்ததும் முகம் வாட ஆரம்பித்தது.

"பாத்தியா? திரும்ப மாட்டேங்கறான். பெருசா வளைச்சுட்டு ஓடறான்."

உண்மைதான். பந்து பின்னால் போனால் தம்பி கால் ஊன்றித் திரும்பாமல், லாரி திரும்புவது போல அரை வட்டம் அடித்து ஓடினான். பந்து எப்போதும் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"முட்டி நல்லாத்தான இருக்கு?" என்றேன்.

"முட்டி அருமையா இருக்கு." இவர் என் காதருகே குனிந்தார். "இப்பதான் நெஜமாவே மனசு. ஆனா அத நான் எந்த மூஞ்சிய வச்சுட்டுச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் பெஞ்சில் நிலைகொள்ளாமல் நெளிந்தார். கைக்குட்டையை முறுக்கினார். தம்பி எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தான். தியேட்டரில் குரல் உயர்த்திப் பேசாத மனிதர், என் பக்கத்திலிருந்து துள்ளி எழுந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார்.

"யோவ் ரெஃபரி! கண்ணு எங்கய்யா இருக்கு உனக்கு? விசில வித்துட்டுப் போய்யா!"

தம்பிக்கு இந்த உலகத்தில் பொறுக்கவே முடியாதது, வெளியிலிருந்து நடுவரைத் திட்டுவது ஒன்றுதான். யோசிக்கக்கூட இல்லை. ஓடிய வேகத்தில் இடது காலை ஊன்றி, அப்படியே சுழன்று திரும்பினான். திரும்பி, இரண்டு காலும் தரையில் பதிந்து நேராக நின்றான். கண்ணில் அனல் பறந்தது. கத்தியது யார் என்று தேடினான். தெரிந்தது. அப்புறம்தான் அவனுக்கே உறைத்தது. மெல்லக் குனிந்து தன் முட்டியைப் பார்த்தான்.

விசிலை நீளமாக ஊதினான். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மைதானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் பெஞ்சை நோக்கி விறைப்பாக நடந்து வந்தான். பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, பார்வையாளருக்கு அட்டை காட்டும் சட்டம் எங்கேயும் கிடையாது என்பதையெல்லாம் மறந்து, மாமாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். அன்றைக்குத் தியேட்டரில் கை கட்டுண்டு கிடந்ததால் பாக்கி நின்ற அட்டை. அவன் உதடு துடித்தது. இவர் இரண்டு கையையும் தூக்கி அதை ஏற்றுக்கொண்டார்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. இவர் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

"திரும்பிட்டான். பாத்தியா?"

"பாத்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டார்.

"யாரும்மா இவரு? இந்தக் கத்து கத்தறாரு?"

"கத்துக்குட்டிங்க," என்றேன்.